தனிச் சலவை

மழை பிடித்துக்கொண்டால் சலவைக் கடைக்காரர்களுக்குக் கைகால் ஓடாது. முற்றத்துக் கொடிகள் வெறுமனே கிடக்க, ஈரத்துணி அத்தனையும் பாய்லர் அறைக்குள் வந்துவிடும். ஓட்டல் மேஜை விரிப்புகளும் விடுதிப் போர்வைகளும் தலைக்கு மேலே வரிசையாகத் தொங்கும். யாருடைய போர்வையையாவது முகத்தில் வாங்கிக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். சோடா வாசனையும் ஈர வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்யவில்லை. விருந்துக்கு வந்தவர் மாதிரி வந்து, தங்கியே விட்டது.

அந்தக் கடைக்கு அண்ணன், தம்பி என்று இரண்டு முதலாளிகள். முன்பக்கம் கடை, நடுவில் இஸ்திரி மேஜைகள், பின்னால் துவைக்கிற இடம், மாடியில் இரண்டு பேர் குடும்பமும். அண்ணனைத் தெருவில் எல்லோரும் விறைப்பண்ணன் என்றுதான் சொல்வார்கள். அவர் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை ஆள் இல்லாமலே தனியாக நிற்கும். ஆளும் அப்படியேதான். வளைந்து கொடுத்து யாரும் பார்த்ததில்லை. தம்பி பெண்டாட்டி ஒருத்திக்குத்தான் அவரைக் கேலி பேசும் உரிமை இருந்தது. "மாமா, இந்தச் சட்டைய மாட்டிக்கணுமா, இல்ல சுவத்துல சாய்ச்சு வைக்கணுமா?" என்பாள். அவரும் சிரித்துவிடுவார்.

துணிக்குக் குறி போடுவதில் அவர் சட்டம் வைத்தால் வைத்ததுதான். வாடிக்கையாளர் துணி ஒவ்வொன்றிலும், காலரின் உட்புறமோ விரிப்பின் மூலையிலோ சின்னதாக நூல் தையல் இருக்கும். தையலின் வடிவம் எந்த வீட்டுத் துணி என்று சொல்லும். நூலின் நிறம் என்ன வேலை என்று சொல்லும். வெள்ளை என்றால் சாதாரணச் சலவை. நீலம் என்றால் கஞ்சி. சிவப்பு என்றால் தனிச் சலவை. ஒருமுறை ஒரு விடுதிப் போர்வையிலிருந்து சிரங்கு தொற்றி, கடையில் வேலை செய்த அத்தனை பேரும் மாதக்கணக்கில் சொறிந்துகொண்டு அலைந்தார்கள். அதற்குப் பிறகு அவரே கொண்டுவந்த ஏற்பாடு இது. சிவப்பு நூல் போட்ட துணியை வெறும் கையால் தொடக்கூடாது. தனித் தொட்டி, தனி வெந்நீர், எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் அதன் முறை. வீட்டுத் துணிகளுக்கு மட்டும் குறியே கிடையாது. நம் துணி நமக்குத் தெரியாதா என்ன?

அவருக்குக் கழுத்தில் கட்டிகள் வந்து, அவற்றிலிருந்து துளி எடுத்துப் பார்த்து, லிம்ஃபோமா என்று பெயர் சொன்னார்கள். புற்றுநோய்தான், ஆனால் கத்தி வைக்கிற வகை இல்லை, மருந்திலேயே கரைகிற வகை என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி நாற்காலியில் நாள் முழுக்க உட்கார வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மருந்து ஏற்றுவார்கள். அதில் ஒன்று சர்பத் நிறத்தில் சிவப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு, காலைச் சாப்பாட்டுக்கு மேல் விழுங்கச் சொல்லி ஐந்து நாளைக்குக் கைநிறைய மாத்திரை. மாத்திரை நாட்களில் பசி பிய்த்துத் தின்னும், தூக்கம் கிட்டே வராது. மூன்றாவது தடவை முடிந்தபோது கழுத்துக் கட்டி தடவினாலும் தட்டுப்படாமல் போய்விட்டது. "கட்டிதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு மூணு தடவ?" என்று கேட்டார். "கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருக்கும்" என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு என்று சொல்லித் தானே எத்தனை வாடிக்கையாளரிடம் கூடுதலாக ஒரு அலசலுக்குக் காசு வாங்கியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நம்பிக்கை வரவில்லை.

மூன்றாவது மருந்து ஏற்றி வந்த மறுநாள் விடியற்காலை. படுக்கையில் புரண்டு பார்த்தும் பயனில்லை என்று கீழே இறங்கி வந்தார். வேலையிடத்துக்கு வரக்கூடாது என்பது ஆஸ்பத்திரி உத்தரவு. ஊரார் அழுக்கெல்லாம் வந்து சேரும் இடம், அவர் உடம்பில் இப்போது எதிர்த்து நிற்கச் சக்தி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தார்.

தொட்டிப் பக்கம் ஓரமாக, மூடி போட்ட வாளி ஒன்று இருந்தது. அப்படி ஒரு வாளி கடையில் இருந்ததில்லை. திறந்தார். முந்தின இரவு அவர் வேர்த்து விறுவிறுத்ததும் மனைவி மாற்றி எடுத்துப்போன போர்வை. தலையணை உறை. பனியன். பழக்கதோஷத்தில் போர்வையின் மூலையை விரலால் தடவினார். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மருந்துக்குப் பிறகு விரல் நுனிகளெல்லாம் மரக்கட்டையாகிவிட்டன. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இஸ்திரிப் பெட்டியைத் தொட விடமாட்டார்கள், கடை அப்படியே தம்பி கைக்குப் போய்விடும். மூலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

சிவப்பு நூல்.

பனியனைப் பார்த்தார். கழுத்துப் பட்டிக்கு உள்ளே சிவப்பு நூல். தலையணை உறையிலும் சிவப்பு நூல். நெருக்கமான, அழகான, ஒரே அளவுத் தையல். அந்தக் கையை அவருக்குத் தெரியும். கடையில் பட்டன் தைப்பதும் குறி போடுவதும் தம்பி பெண்டாட்டிதான்.

வாளியை மூடிவிட்டு மாடிக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது.

மனைவி அவர் கட்டிலில் புது விரிப்புப் போட வந்தாள். கையில் ரப்பர் உறை.

"இது எதுக்கு?"

"எது?"

"கையில மாட்டியிருக்கியே, அது."

"சோப்பு ஒத்துக்கல. தோல் உரியுது."

"இருபது வருஷமா சோடாவுலயும் ப்ளீச்சிலயும் முழங்கை வரைக்கும் முக்கி எடுத்தவ நீ. அப்பல்லாம் உரியாத தோல் இப்ப உரியுதா?"

"வயசாகுதுல்ல" என்று சொல்லிவிட்டு, பழைய விரிப்பைத் தன் சேலையில் படாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். படாமல் சுருட்டினதை அவர் பார்த்தார். அவள் கழிப்பறையில் தண்ணீரை இரண்டு தடவை ஊற்றுவது கேட்டது. அவர் போய்வந்த பிறகுதான் அப்படி, மற்றவர்கள் போய்வந்தால் ஒரு தடவைதான். காது கொடுத்துக் கேட்ட பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. மருந்துக்கு முன்னால் ஒவ்வாமை வராமல் இருக்க ஒரு ஊசி போடுவார்கள். போட்ட பத்து நிமிஷத்தில் கண் சொக்கிவிடும். முதல் தடவை அப்படித் தூங்கி விழித்தபோது கால்மாட்டில் சிஸ்டரும் மனைவியும் தம்பியும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "முக்கியமா அவங்க கிட்டயே வரக்கூடாது" என்று சிஸ்டர் சொன்னது காதில் விழுந்தது. அவர் கண் திறந்ததும் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மனைவி, "தண்ணி வேணுமாங்க?" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் அதே நோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த டாக்சிக்காரரும் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியிருந்தார். "உங்களுக்கு எத்தனைன்னு சொன்னாங்கண்ணே?"

"ஆறு."

"எனக்கும் ஆறுன்னுதான் ஆரம்பிச்சாங்க. இப்ப எட்டுங்கறாங்க. நம்மகிட்ட முழுசா சொல்ல மாட்டாங்கண்ணே. பயணிகிட்ட நான் சொல்ற மாதிரிதான். இதோ வந்துடுச்சு சார், அடுத்த திருப்பம்தான், இதோ வந்துடுச்சு."

அப்போது சிரித்தார். இப்போது சிரிப்பு வரவில்லை.

காலைச் சாப்பாடு மனைவிதான் கொண்டுவந்தாள். முட்டையும் ரொட்டியும் சூப்பும். நாக்கில் தகரத்தை வைத்தது போல எல்லாமே ஒரே ருசி. ஆனாலும் அந்த மாத்திரைப் பசியில் தட்டு காலியானது. முன்பெல்லாம் தட்டு கொண்டுவருவது தம்பி பெண்டாட்டிதான். மருந்து தொடங்கின நாளிலிருந்தே அவள் வருவதில்லை. வாசற்படி வழியாகப் போனவளைக் கூப்பிட்டார்.

"இந்தா, உள்ள வாயேன். இந்தப் பக்கம் வந்தே நாளாச்சு."

அவள் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். "கீழ வேலை கிடக்கு மாமா."

"ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா ஓட்டல்காரன் தலைய வாங்கிடுவானா?"

"அப்புறம் வர்றேன் மாமா." போய்விட்டாள். கேலி இல்லை, சிரிப்பு இல்லை. நிலைப்படி அவளுக்கும் அவருக்கும் நடுவில் சுவர் மாதிரி இருந்தது.

அவருக்கு மூக்கு வேர்த்தது. ஓசையில்லாமல் படியிறங்கி, கடைக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவிலிருந்த பலகைத் தடுப்புக்குப் பின்னால் நின்றார். ஓட்டல் மேனேஜர் வந்திருந்தார். பழைய வாடிக்கை.

"எங்கப்பா உங்க அண்ணன்? ஆளையே காணோம்?"

தம்பி விரிப்புகளை எண்ணி மடித்தபடியே சொன்னான். "வெளியூர் போயிருக்காருங்க. சொந்தக்காரங்க வீட்டுக்கு."

"இத்தனை நாளாவா?"

"வர்ற நேரம்தாங்க."

தலைக்கு மேலே, தடுப்புக்கு இந்தப் பக்கம், ஈர விரிப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவர் மொட்டைத் தலையில் விழுந்தது. நகரவில்லை. உயிரோடு இருக்கும்போதே ஊரை விட்டு அனுப்பிவிட்டான். துணியில் குறி போட்டாயிற்று, ஆளை வெளியூருக்கு அனுப்பியாயிற்று. இது தொற்றுகிற நோய்தான். எல்லோருக்கும் தெரியும், தனக்கு மட்டும் தெரியாது. அல்லது தொற்றவே தொற்றாது, கடையைக் கையில் எடுக்க இது ஒரு சாக்கு. இரண்டில் எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டில் ஒன்று என்பதில் சந்தேகமே இல்லை.

மேனேஜர் போய், தம்பி வேனைப் பார்க்க வெளியே போனதும், மேஜை இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். வாளியைத் திறந்தார். போர்வை, உறை, பனியன் மூன்றிலும் சிவப்பு நூலை ஒவ்வொரு தையலாக அறுத்து எறிந்தார். இது தொற்றுகிறதா இல்லையா, இன்றைக்குத் தெரிந்துவிடட்டும். விரலில் பிளேடு இறங்கியது. ரத்தம் வந்தது கண்ணுக்குத்தான் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. மூன்றையும் எடுத்து, துவைக்கக் கிடந்த வீட்டுத் துணிக் குவியலுக்குள் திணித்தார். பிறகு பாய்லர் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

தம்பி பெண்டாட்டி வந்தாள். குறியில்லாத வீட்டுக் குவியல், சந்தேகப்பட ஒன்றுமில்லை. வெறும் கையால் வெள்ளையைத் தனியாக, சாயத்தைத் தனியாகப் பிரித்துப் போட ஆரம்பித்தாள். போர்வையைத் தூக்கி உதறினாள். பாதியில் கை நின்றது. முகர்ந்து பார்ப்பவள் போல முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

மூடி திறந்து கிடந்த வாளியைப் பார்த்துவிட்டு ஓடிவந்த மனைவி போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"தொடாத! ஐயோ, கீழ போடு! அது அவரோடது!"

விறைப்பண்ணன் வெளியே வந்தார்.

"சொல்லு" என்றார். "சத்தமா சொல்லு. அவரோடது, தொடாதன்னு. வாசல்ல பலகை எழுதி மாட்டு."

"நீங்களா பிரிச்சீங்க?"

"என் துணி. என் கடை. என் நூல். நான்தான் பிரிச்சேன். எவ சிரங்குக்காரனுக்குப் போடற குறிய எனக்குப் போட்டது?"

தம்பி பெண்டாட்டி போர்வையைக் கீழே போட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அழுகிறாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "பாரு, பாரு எப்படிக் கழுவறான்னு! நான் என்ன மலமா?"

தம்பி ஓடிவந்தான். "அண்ணே, மேல வாண்ணே. மாத்திரை நாள்ல இப்படித்தான் கோவம் வரும்னு சிஸ்டர் சொன்னாங்க. இது நீ பேசல, மாத்திரை பேசுது."

"நான் பேசினா மாத்திரை, நீங்க பேசினா ஞானமா? வெளியூர் போயிருக்கேனாமே நான். எந்த ஊருடா? பேரச் சொல்லு, நானும் ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"நோய்னு தெரிஞ்சா ஓட்டல்காரன் வேற கடைக்குப் போயிடுவான்னுதாண்ணே" என்றான் தம்பி.

மிச்சத்தை மனைவிதான் சொன்னாள். ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், நிற்க முடியவில்லை போல. "தொத்தற நோயில்லைங்க. சத்தியமா இல்ல. உங்களுக்கு ஏத்தற மருந்து உங்க வேர்வையில, சிறுநீர்ல, வாந்தியில ரெண்டு நாளைக்கு வெளிய வருமாம். உங்களுக்கு அது மருந்து, மத்தவங்க உடம்புக்கு ஆகாது. அந்த ரெண்டு நாள் கையுறை போட்டுத்தான் எடுக்கணும், துணியத் தனியா வெந்நீர்ல ரெண்டு தடவ துவைக்கணும், தண்ணிய ரெண்டு தடவ ஊத்தணும்னு சிஸ்டர் சொன்னாங்க. நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"முழிச்ச பிறகு வாய்ல என்ன இருந்துச்சு உனக்கு?"

"என்னன்னு சொல்லுவேன்? பக்கத்துல இருக்கறவங்க தொட்டாலே ஆகாத அளவுக்கு விஷம் உங்களுக்குள்ள ஏத்தறாங்கன்னா? சொன்னா அடுத்த ஊசிக்குக் கிளம்பியிருப்பீங்களா? உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கிளம்பியிருக்க மாட்டார்.

"இவ மட்டும் ஏன் படி தாண்டி வரமாட்டேங்கறா? அந்த ரெண்டு நாள் போனாலும் வரமாட்டேங்கறாளே?"

தம்பியும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அவ முழுகாம இருக்காண்ணே. நாலாம் மாசம். முன்ன ரெண்டு தடவ நிக்கல, உனக்கே தெரியும். அதான் யாருகிட்டயும் மூச்சு விடல. அந்த மருந்து அவமேல படவே கூடாதுன்னு சிஸ்டர் தனியா சொன்னாங்க."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் விரல் ரத்தம் தரை ஈரத்தில் இளஞ்சிவப்பாகப் பரவியது. மனைவி பார்த்துவிட்டு, "கை என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். உலர்ந்த போர்வையைச் சற்று நேரம் தொட்டதால் பயப்பட ஒன்றுமில்லை, சோப்புப் போட்டுக் கழுவினது போதும், அடுத்த பரிசோதனையில் சொல்லிவையுங்கள் என்றார் சிஸ்டர். வீடு மூச்சுவிட்டது. அவர் மாடியேறிப் போகும்போது திரும்பாமல் சொன்னார்: "நாலாவது ஊசிக்கு நான் வரல. யாரும் என்னைக் கூப்பிட வேணாம்."

மாத்திரை நாட்கள் முடிந்ததும் ஆள் காற்று இறங்கின பந்தாகிவிட்டார். பசி போயிற்று, கோபமும் போயிற்று, சந்தேகம் மட்டும் போகவில்லை. படுத்தபடியே யோசித்தார். நாலாம் மாசமாம். வாந்தி எடுத்துப் பார்த்ததுண்டா? மாங்காய் புளி என்று கேட்டதுண்டா? நேரத்துக்கு ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். துணியைக் கேட்டால் தெரிந்துவிடும். துணி பொய் சொல்லாது என்பது அவர் தொழில் நம்பிக்கை. ஒருநாள் அவர்கள் எல்லோரும் கீழே இருந்தபோது, மாடிக் கொடியில் காய்ந்த அவளுடைய சட்டையை எடுத்து உட்புறம் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பழைய தையல் பிரிக்கப்பட்டு, அரை விரல் அகலம் விடப்பட்டு, புதுத் தையல் ஓடியிருந்தது. பழைய தையல் தடம் வெளுக்காத கோடாகத் தெரிந்தது.

உண்மைதான். அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. இத்தனை நாள் இதையும் தன்னிடம் மறைத்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே அடுப்பில் தின்றுகொண்டு, நாலு மாசம். அப்படியானால் இன்னும் என்னென்ன மறைத்திருப்பார்கள்? கட்டி கரைந்தது என்று டாக்டர் சொன்னது உண்மையா? சட்டையை இருந்த மாதிரியே கொடியில் போட்டுவிட்டு வந்து படுத்தார்.

மனைவி கெஞ்சினாள். தம்பி வாசலில் வந்து நின்று நின்று போனான். முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு பிற்பகல். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கீழே தம்பி ஓட்டல் சரக்கை வேனில் ஏற்றும் சத்தம் கேட்டது. அவருக்குக் காலையிலிருந்தே முதுகுத் தண்டில் சில்லென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பல் தந்தியடித்தது. வாயின் உட்புறம் புண்ணாகி எச்சில் விழுங்க முடியவில்லை. போர்வைமேல் போர்வை போட்டும் குளிர் போகவில்லை.

இது என்ன என்று அவருக்குத் தெரியும். இதை மட்டும் சிஸ்டர் அவர் முழித்திருக்கும்போதே முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். மருந்து ஏற்றின அடுத்த வாரத்தில் ரத்தத்தில் எதிர்த்துப் போராடும் அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். அப்போது காய்ச்சல் வந்தால் பகலோ இரவோ, உடனே புறப்பட்டு வந்துவிட வேண்டும். மாத்திரை போட்டு அமுக்கிவைக்கக் கூடாது. சிலருக்கு அந்த ஒரு நாள் தாமதமே போதும்.

தெரிந்துதான் இழுப்பறையிலிருந்து காய்ச்சல் மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் தூக்கிக்கொண்டு போவார்கள். போனால் மறுபடி கால்மாட்டில் நின்று குசுகுசுவென்று பேசுவார்கள். படுத்துப் பார்ப்போம். விட்டால் விடட்டும். விடாவிட்டால் அதுவும் ஒரு முடிவுதான்.

"மாமா."

தம்பி பெண்டாட்டி. நிலைப்படியில் நின்றாள். பிறகு, அவர் பார்க்கப் பார்க்க, தாண்டி உள்ளே வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் மாத்திரை இருந்த கையை மூடிக்கொண்டார்.

"பயமில்லையா இப்ப?"

"ரெண்டு நாள்தான் ஆகாது. அது எப்பவோ போயிடுச்சு."

"அதுக்கு முன்னாடி மாசம் முழுக்க வரலியே."

அவள் முன்றானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமா மாமா. வரல. உங்களப் பார்த்துப் பயந்தேன்."

அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"சிஸ்டர் ரெண்டு நாள்னுதான் சொன்னாங்க. எனக்கு நம்பிக்கை வரல. டாக்டரும் தப்பா சொல்லலாம், சிஸ்டரும் மறந்திருக்கலாம். ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சு. ஒண்ணும் ஆகாதுன்னுதான் அப்பவும் எல்லாரும் சொன்னாங்க. இந்தத் தடவ நான் யாரையும் நம்பறதா இல்ல. உங்க தம்பிய நம்பல, அக்காவ நம்பல. அக்கா, நீல நூல் போடு, மாமா பார்த்தாலும் கஞ்சின்னு நினைச்சுப்பாருன்னு சொன்னாங்க. நான்தான் கேக்கல. அவசரத்துல என் கையே மறந்துபோய் எடுத்துடக் கூடாதுன்னு சிவப்புப் போட்டேன். நீங்க பார்த்தா மனசு என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் போட்டேன். வயித்துல இருக்கறதா, உங்க மனசான்னு பார்த்தேன். வயித்துல இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் உடையாமல் வந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. பூசி மெழுகவும் இல்லை. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் அவரிடம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்லிவந்தார்கள். உன்னைப் பார்த்துப் பயந்தேன் என்று யாரும் அதுவரை சொல்லவில்லை.

"சரியாத்தான் போட்டிருக்க" என்றார் அவர்.

"என்னது?"

"சிவப்பு. நானா இருந்தாலும் அதத்தான் போட்டிருப்பேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"எனக்கு விரலெல்லாம் மரத்துப் போயிடுச்சு" என்றார் அவர். "ரெண்டாவது ஊசியிலேர்ந்தே. பட்டன் போட முடியல. ஆஸ்பத்திரியில கேட்டாங்க, நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். உங்க யாருகிட்டயும் சொல்லல."

"மாமா, அத மொதல்ல சொல்லணும்னு..."

"இரு. இன்னொண்ணு." போர்வைக்கு உள்ளிருந்து கையை நீட்டித் திறந்தார். வேர்வையில் மாத்திரை உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "காலையிலேர்ந்து குளிருது. காய்ச்சல் அடிக்குதுன்னு நினைக்கிறேன். இதப் போட்டு அமுக்கிடலாம்னு இருந்தேன்."

அவள் எழுந்த வேகத்தில் முக்காலி கவிழ்ந்தது. நெற்றியில் வைக்கக் கை நீட்டினவள், பாதியில் நிறுத்தி, ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வைத்தாள். கை சில்லென்று ஈரமாக இருந்தது. "ஐயோ, கொதிக்குது!" படியில் நின்று கீழே பார்த்துக் கத்தினாள். "இங்க வாங்க! சீக்கிரம் வாங்க! மாமாவுக்குக் காய்ச்சல்!"

தம்பி எப்படி மேலே வந்தான், எப்படித் தன்னைத் தோளில் சாய்த்துப் படியிறக்கினான் என்பது அவருக்குச் சரியாக நினைவில்லை. முற்றத்து மழை முகத்தில் அடித்தபோதுதான் தெளிந்தார். வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே தரை முதல் கூரை வரை ஓட்டல் விரிப்புகள். பாய்லர் அறையில் நாள்கணக்கில் காயவைத்து, நீலம் போட்டு, தேய்த்து, மடிப்புக் கலையாமல் கட்டிவைத்த வெள்ளை மூட்டைகள். ஆள் உட்கார இடமில்லை.

அவரைத் தன் பெண்டாட்டியின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, தம்பி ஒரு மூட்டையை இழுத்து வெளியே எறிந்தான். அது முற்றத்துச் சேற்றில் போய் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.

"டேய்! டேய்!" விறைப்பண்ணன் பதறினார். பல் கிடுகிடுவென்று அடிப்பதில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. "ஓட்டல் சரக்குடா! சேத்துல போடாதடா! மறுபடி துவைக்கறதுக்கு எத்தனை நாள்..."

ஒரு மூட்டையின் கட்டு அவிழ்ந்து, மேஜை விரிப்புகள் முற்றம் முழுக்க விரிந்து மழையை வாங்கின. தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாய மூடிட்டு ஏறுண்ணே."

பிறந்ததிலிருந்து தம்பி அவரிடம் அப்படி ஒரு வார்த்தை பேசினதில்லை. விறைப்பண்ணன் வாயை மூடிக்கொண்டு ஏறினார்.